வேட்பாளர் கையில் கைப்பேசி: சமூக ஊடகம் வழியாக வாக்காளரிடம் போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சுமார் 6 கோடியே 10 லட்சம் பேர் அதற்குள் வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு "இன்று வாக்குப்பதிவு நாள்" என்ற அறிவிப்போடு, ஏற்கெனவே வாக்களித்துவிட்டதாகச் சொன்ன அவர்களுடைய நண்பர்கள் சிலரின் முகங்களும் காட்டப்பட்டன. ஒரு சிறு பகுதியினருக்கு அறிவிப்பு மட்டும். இன்னொரு சிறு பகுதியினருக்கு எதுவுமே இல்லை. முடிவு 2012-ல் வெளியானது. வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கும் எதையுமே பார்க்காதவர்களுக்கும் வாக்களித்ததில் வித்தியாசம் தெரியவில்லை. நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போய் வாக்களித்திருந்தார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பொதுத் தேர்தல்களில் நடந்த 49 களச் சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2018-ல் வந்த ஆய்வு அது. பிரசாரமும் விளம்பரமும் ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்பதை எவ்வளவு மாற்றுகின்றன என்று கணக்கிட்டதில், சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது.

அப்படியானால் வேட்பாளர் ஏன் பதிவு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்? மூன்று காரணங்கள் உண்டு. பெயர் தெரியாதவரின் பெயரை ஊருக்குத் தெரியவைக்கலாம். மக்கள் எதைப் பற்றிக் கோபமாக இருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கலாம். உங்களுக்காகத் தன் அக்கம்பக்கத்தாரிடம் பேசத் தயாராக இருக்கும் ஆட்களைக் கண்டுபிடிக்கலாம். என் கணக்கில் மூன்றாவதுதான் முக்கியமானது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

இது உள்ளாட்சி முதல் சட்டமன்றம் வரை, சின்னக் குழுவோடு நிற்கிற வேட்பாளருக்காக எழுதியது. தனி ஐ.டி. பிரிவும் சம்பளத்துக்கு ஐம்பது பேரும் வைத்திருக்கும் கட்சிக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

படி 1: கணக்குத் தொடங்கும் முன் வாக்குக் கணக்கு

முதலில் ஒரு தாளை எடுத்து, ஜெயிக்க எத்தனை வாக்குகள் வேண்டும் என்று எழுதுங்கள். உதாரணமாக 12,000 வாக்காளர்கள் உள்ள வார்டு, 60 சதவீதம் பேர் வாக்களிப்பார்கள் என்றால் 7,200 வாக்குகள். மும்முனைப் போட்டியில் 2,900 வாக்குகள் கிடைத்தால் ஓரளவு தைரியமாக இருக்கலாம். இந்த எண்ணைக் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். அடுத்த வாரம் உங்கள் வீடியோவை 80,000 பேர் பார்த்துவிட்டார்கள் என்று யாராவது துள்ளிக் குதித்தால், அதில் அந்த 12,000 பேரில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்க அது உதவும். பெரும்பாலும் பதில் இருக்காது.

அடுத்து, அந்த 12,000 பேர் எங்கே இருக்கிறார்கள்? உலக அளவிலான பயனர் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. வீடு வீடாகப் போகும்போது வைத்திருக்கும் நோட்டில் ஒரு பத்தியைக் கூட்டுங்கள்: "உள்ளூர்ச் செய்தி எதில் பார்ப்பீர்கள்?" நூறு வீடு முடிந்ததும் படம் தெளிவாகிவிடும். பொதுவாக வாட்ஸ்அப்பும் யூடியூபும் எல்லா வயதினரிடமும் இருக்கும். ஃபேஸ்புக்கில் நடுவயதுக்காரர்கள் அதிகம், உள்ளூர்க் குழுக்களும் அங்கேதான். இன்ஸ்டாகிராமில் இளையவர்கள். எக்ஸ் தளத்தில் உங்கள் வாக்காளரைவிடப் பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சி ஆட்களும்தான் அதிகம் இருப்பார்கள். டிக்டாக் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடை.

ஒன்றை முதன்மையாக வையுங்கள், இன்னொன்றைத் துணையாக. ஐந்து தளங்களில் ஐந்து கணக்குத் தொடங்கி நாலைப் பாதியில் விடுவதைவிட இது நல்லது. வேட்பாளர் பெயரில் மூன்று மாதமாக அசையாமல் கிடக்கும் பக்கத்தைப் பார்த்தால், ஜெயித்த பிறகும் இவர் இப்படித்தான் இருப்பார் என்றுதான் தோன்றும்.

படி 2: கணக்கை ஒழுங்காக அமைப்பது

ஃபேஸ்புக்கில் தனிப்பட்ட கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. விளம்பரமும் கொடுக்க முடியாது. ஆகவே தனிப் பக்கம் தொடங்குங்கள். பெயர், தொகுதி, சின்னம், தொடர்பு எண் நான்கும் பக்கத்தைத் திறந்ததும் தெரிய வேண்டும். எல்லாத் தளங்களிலும் ஒரே புகைப்படம். போலிக் கணக்கு முளைத்தால் மக்கள் பிரித்தறிய அது உதவும். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால், பதவிக்கான அலுவல் கணக்கில் பிரசாரம் செய்யக் கூடாது. இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

பாதுகாப்பில் சோம்பல் வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் இருபடிச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) போடுங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து வேட்பாளர் வீட்டில் வையுங்கள். அட்மினாக இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் வேட்பாளர் அல்லது அவர் வீட்டு ஆளாக இருக்கட்டும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பையன் நடுவில் கோபித்துக்கொண்டு போய்விட, பாஸ்வேர்டும் அவனோடே போய்விடும் கதை எல்லாத் தேர்தலிலும் எங்காவது நடக்கிறது.

அப்புறம் பழைய பதிவுகள். பத்து வருடத்துக்கு முன் விளையாட்டாக எழுதிய ஒரு கேலி, ஒரு சாதிப் பேச்சு, ஒரு பெண்ணைப் பற்றிய கமென்ட் எதிராளி கையில் கிடைக்கும் முன் உங்கள் கண்ணில் படட்டும். சத்தமில்லாமல் அழித்துவிட்டு வந்தால் போதாது. யாராவது ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள் என்ற எண்ணத்தோடு, கேட்டால் என்ன சொல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

படி 3: சட்டம் என்ன சொல்கிறது

இதைப் படிக்கும் நீங்கள் எந்த நாட்டில் நிற்கிறீர்களோ, அந்த நாட்டின் தேர்தல் ஆணையம் வெளியிட்ட வேட்பாளர் கையேட்டை எடுத்து, சமூக ஊடகம் பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டுமா, விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டுமா, எதெல்லாம் செலவுக் கணக்கில் வரும், எந்த நேரத்திலிருந்து வாயை மூட வேண்டும்.

இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் விதித்தபடி, வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் தன் சமூக ஊடகக் கணக்குகளையும் குறிப்பிட வேண்டும். சமூக ஊடகத்தில் கொடுக்கும் அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்று பெற வேண்டும். தளத்துக்குக் கட்டிய பணம் மட்டுமல்ல, பதிவுகளைத் தயாரித்த செலவு, கணக்கை நடத்தும் ஆட்களின் சம்பளம் எல்லாமே தேர்தல் செலவில் சேரும். இலங்கையில் தேர்தல் செலவினங்களுக்கென்றே 2023-ல் தனிச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பிரசாரமே கூடாது. ஒரு வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல, செய்யாததைச் செய்ததுபோலக் கணினியில் உருவாக்கிய உள்ளடக்கத்தைத் தேர்தல் காலத்தில் தடுக்கும் சட்டத்தையும் அங்கே 2024-ல் நிறைவேற்றினார்கள்.

"இணையத்தில் செய்வதெல்லாம் சும்மாதானே, இதற்கு என்ன கணக்கு?" என்று நினைப்பவர்கள் ருமேனியாவைப் பார்க்கலாம். 2024 நவம்பரில் அங்கே நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், பெரும்பாலும் டிக்டாக் வழியாகவே பிரபலமான வேட்பாளர் ஒருவர் முதலிடம் பிடித்தார். தேர்தல் செலவு பூஜ்யம் என்று கணக்குக் காட்டியிருந்தார். டிசம்பர் 6 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத இணையப் பிரசாரமும் அதற்கான பணமும் அந்த முடிவுக்கு முக்கியக் காரணங்கள். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். நமக்குத் தேவையான பாடம் சின்னது: நண்பர் இலவசமாக எடுத்துத் தந்த வீடியோவுக்கும் ஒரு மதிப்புப் போட்டு எழுதி வையுங்கள்.

படி 4: முதல் இரண்டு வாரம் கேளுங்கள்

பெரும்பாலான வேட்பாளர்கள் தவிர்க்கும் படி இது. கணக்குத் தொடங்கிய அன்றே வாழ்த்து அட்டையும் சால்வைப் படமும் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதில், உள்ளூர் ஃபேஸ்புக் குழுக்களிலும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களிலும் நுழைந்து சும்மா படியுங்கள். உங்கள் உண்மையான பெயரிலேயே, குழுவின் விதிப்படி. போலிப் பெயரில் நுழைந்து பிடிபட்டால் அதுவே செய்தியாகிவிடும். ஒரு நோட்டுப் போட்டு ஐந்து பத்திகள்: என்ன குறை, எந்தத் தெரு, எந்தத் தேதி, யார் பொறுப்பு, இப்போது என்ன நிலை. இரண்டு வாரத்தில் நாற்பது ஐம்பது பதிவுகள் சேர்ந்துவிடும். அதே குறை வெவ்வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். மக்கள் பயன்படுத்தும் அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் "வடிகால் மேலாண்மை" என்று இருக்கும். தெருவில் அது "மழை பெய்தால் வீட்டுக்குள் சாக்கடை". பதிவில் பின்னதுதான் வர வேண்டும்.

கேட்பதையே காட்சியாக்கவும் முடியும். 2024 நவம்பரில், நியூயார்க் மேயர் பதவிக்கு நின்ற சோரான் மம்தானி, தன் கட்சிக்கு வாக்கு குறைந்த தெருக்களுக்கு மைக்கோடு போனார். அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள், ஏன் என்று கேட்டு, வந்த பதிலை வீடியோவாக்கினார். எதிர்த்து வாக்களித்தவர்களிடமும் வாக்களிக்கவே போகாதவர்களிடமும் பேசினார். வாடகை, விலைவாசி என்று அவர்கள் சொன்னவைதான் பிறகு அவர் பிரசாரம் முழுவதும் வந்தன. தொடக்கக் கருத்துக்கணிப்புகளில் 1 சதவீதத்தை ஒட்டி இருந்தவர் 2025 ஜூனில் கட்சிக்குள் நடந்த தேர்தலையும் நவம்பரில் மேயர் தேர்தலையும் வென்றார். வீடியோவால் மட்டும் வென்றார் என்று சொல்ல வரவில்லை. அதைப் படி 9-ல் பார்ப்போம்.

படி 5: மூன்று விஷயம், முந்நூறு பதிவு

நோட்டில் சேர்ந்தவற்றிலிருந்து மூன்றை எடுங்கள். தேர்வுக்கு ஒரு சோதனை: அந்தப் பதவிக்கு அதைச் செய்யும் அதிகாரம் இருக்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கு நிற்பவர் எரிபொருள் விலையைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது. மூன்றையும் வெவ்வேறு கோணத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அலுத்துப்போகும் நேரத்தில்தான் வாக்காளர் முதல் முறையாகக் கவனிக்கிறார்.

பதிவு எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு மாதிரி:

"மக்களின் நலனே எங்கள் லட்சியம். குடிநீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு காண்போம். வாக்களிப்பீர்!"

இதைப் பெயரை மாற்றி எந்த வேட்பாளர் வேண்டுமானாலும் போடலாம். இப்போது இதைப் பாருங்கள்:

"நான்காவது குறுக்குத் தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. இன்று காலை நீரேற்று நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். மோட்டார் பழுது, உதிரி பாகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். கடிதத்தின் நகல் படத்தில். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். உங்கள் தெருவிலும் இதே நிலை என்றால் கீழே தெருப் பெயரை எழுதுங்கள்."

இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, அடுத்து என்ன என்பது இருக்கிறது. கடைசி வரியில் வாசகர் செய்வதற்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை உண்மையிலேயே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே எழுதுங்கள். "இன்னும் பாகம் வரவில்லை" என்று மூன்று வாரம் தொடர்ந்து எழுதுகிற ஆளை மக்கள் மறப்பதில்லை.

எதிராளியைத் திட்டும் பதிவு வேகமாகப் பரவும். ஆனால் பரப்புகிறவர்கள் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள். எதிராளியின் செயலை விமர்சிக்கலாம், ஆவணத்தோடு. அவர் குடும்பத்தையும் உடலையும் சாதியையும் மதத்தையும் தொடாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம்.

படி 6: வீடியோ

விலை உயர்ந்த கேமரா வேண்டாம், கைப்பேசி போதும். செலவழிப்பதானால் சட்டையில் மாட்டும் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் நிமிர்ந்த வாக்கில் எடுக்க வேண்டியவை. வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

முதல் மூன்று விநாடியில் விஷயம் வந்துவிட வேண்டும். "என் அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தால் பெருமக்கள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள். உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்று "இது உடைந்து ஒன்பது நாள் ஆகிறது" என்று ஆரம்பியுங்கள். எழுத்தும் கீழே ஓடட்டும், நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். தானாக வரும் எழுத்தைத் திருத்தாமல் வெளியிடாதீர்கள். தமிழில் அது செய்யும் கூத்து உங்களையே கேலிப் படமாக்கிவிடும். தொகுதியில் வேறு மொழி பேசுபவர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் தப்பும் தவறுமாகவாவது இரண்டு வரி பேசுங்கள். மம்தானி ஸ்பானிய மொழியிலும் இந்தி, உருது, வங்காளத்திலும் வீடியோ போட்டார். இலக்கணத்துக்காக யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

நேரலை வாரம் ஒன்று, அறிவித்த அதே நேரத்தில். பதில் தெரியாத கேள்விக்கு "தெரிந்துகொண்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றால் அடுத்த வாரத்தின் முதல் விஷயம் அதுவாகவே இருக்கட்டும்.

படி 7: வாட்ஸ்அப்

உண்மையான தேர்தல் வேலை நடக்கும் இடம் இதுதான். அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுதான்.

முதலில் கருவிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் தன் எண் தெரிவதைப் பல பெண்கள் விரும்புவதில்லை, அது நியாயமானது. ஒளிபரப்புப் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேனலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், எண் யாருக்கும் தெரியாது, ஆனால் அவர்கள் திரும்பிப் பேச முடியாது.

ஆகவே இப்படிப் பிரிக்கலாம். பொதுமக்களுக்குச் சேனல். குறை சொல்ல ஒரு தனி எண், அதை ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடிக்கு ஒரு குழு என்று, அந்தப் பகுதியில் உங்களுக்காக வேலை செய்யத் தயாரான பத்து இருபது பேர் மட்டும். இந்தக் குழுக்களுக்குத்தான் தினமும் ஒரு செய்தி போக வேண்டும், அதை அவர்கள் தங்கள் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் குழுக்களில் தங்கள் வார்த்தையில் போட வேண்டும். அப்படியே ஃபார்வர்ட் செய்யச் சொல்லாதீர்கள். "பலமுறை பகிரப்பட்டது" என்ற அடையாளத்தோடு வரும் செய்தியை மக்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். "என் தங்கச்சி தெருவுக்கு இவர் வந்தார், குழாய் விஷயத்தைக் கேட்டார்" என்று ஒரு பெண் தன் குடும்பக் குழுவில் எழுதும் ஒரு வரிதான், ஆரம்பத்தில் சொன்ன சோதனையில் வந்த அந்த நண்பர் முகம்.

விலைக்கு வாங்கிய எண் பட்டியல் வேண்டாம். மென்பொருள் வைத்து மொத்தமாக அனுப்புவதும் வேண்டாம். 2018 பிரேசில் தேர்தலில், தொலைக்காட்சியில் சில விநாடிகளே நேரம் ஒதுக்கப்பட்ட போல்சனாரோ சமூக ஊடகத்தின் துணையோடு அதிபரானார். அதே தேர்தலில் வாட்ஸ்அப் வழியாக மொத்தமாக அனுப்பப்பட்ட செய்திகளும் பொய்களும் பெரிய சர்ச்சையாகி, லட்சக்கணக்கான கணக்குகளை நிறுவனம் முடக்கியது. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தேர்தல் நீதிமன்றம் மொத்தமாக அனுப்புவதையே தடை செய்தது. பிரசாரத்தின் நடுவில் உங்கள் ஒரே எண் முடங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். காலை வணக்கம் அனுப்பாதீர்கள்.

படி 8: கமென்டுக்குப் பதில்

ஒரு நாளைக்கு இரண்டு முறை, அரை மணி நேரம். கேள்விகளை மூன்றாகப் பிரிக்கலாம். உண்மையான கேள்விக்கு அன்றே பதில், பெயர் சொல்லி, "நீங்கள்" என்று மரியாதையாக. கோபமான குறைக்கு முதலில் "ஆமாம், தாமதம்தான்" என்று ஒப்புக்கொண்டு, பிறகு தகவல். வெறும் வசைக்குப் பதில் வேண்டாம், விதியை மீறினால் மறைத்துவிடலாம். ஆனால் உங்களை விமர்சிப்பதாலேயே ஒரு கமென்டை அழிக்காதீர்கள். அழித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள். பதில் எழுதுவது வேட்பாளரா குழுவா என்பதை மறைக்காமல், குழு எழுதினால் கடைசியில் "அலுவலகத்திலிருந்து" என்று போடுங்கள்.

பெண் வேட்பாளர்களுக்கு இந்தப் படி வேறு மாதிரி இருக்கும். நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்டபோது, 44 சதவீதத்துக்கும் மேலானவர்கள் கொலை, வன்புணர்வு, தாக்குதல், கடத்தல் மிரட்டல்களுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆகவே கமென்ட் பகுதியை வேட்பாளரே படிக்க வேண்டாம். நம்பகமான ஒருவர் முதலில் பார்த்து, மிரட்டல்களை நேரம், இணைப்பு, படத்தோடு சேமித்து, காவல்துறைக்குப் போகவேண்டியதைத் தனியாக வைத்து, கேள்விகளை மட்டும் வேட்பாளரிடம் தரட்டும். வசைச் சொற்களைத் தானாக மறைக்கும் வடிகட்டியில் ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழ் வசைகளையும் சேர்க்க மறக்காதீர்கள். தளம் தானாக அவற்றைப் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதைப் பற்றி இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தனிப் படி கொடுக்கும் அளவுக்கு அது முக்கியமில்லை. டிக்டாக் அரசியல் விளம்பரத்தை ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரத்தை நிறுத்திவிட்டன. மற்ற இடங்களில் அடையாளச் சரிபார்ப்புக்கு நாளாகும், முன்கூட்டியே முடித்துவையுங்கள். விளம்பரத்தில் யார் பணம் என்பது தெரிய வேண்டும். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் எதிராளி என்ன விளம்பரம் கொடுக்கிறார் என்று இலவசமாகப் பார்க்கலாம், அவரும் உங்களுடையதைப் பார்ப்பார். தானாகவே நன்றாக ஓடிய பதிவுக்கு மட்டும், தொகுதி எல்லைக்குள் மட்டும் காசு போடுங்கள். ஓடாத பதிவுக்குப் போடும் காசு வீண்.

படி 9: திரையிலிருந்து வாசலுக்கு

2003-ல் அமெரிக்காவில் தன் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன் இணையம் வழியாக ஆட்களையும் பணத்தையும் திரட்டிய விதத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் நடந்த முதல் கட்சித் தேர்வில் வாக்கு எண்ணியபோது அவர் மூன்றாம் இடம். இணைய ஆதரவு இருந்தது, ஆனால் அது அந்த ஊர்க்காரர்களின் வாக்காக மாறவில்லை. மம்தானியின் வீடியோக்களை நகல் எடுப்பவர்கள் பார்க்கத் தவறுவதும் இதைத்தான். கட்சிக்குள் நடந்த தேர்தலின்போதே பல்லாயிரம் தன்னார்வலர்கள் அவருக்காகக் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். வீடியோ அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வாசலாக இருந்தது.

எப்படிச் செய்வது? பதிவில் மூன்று முறை கமென்ட் எழுதிய உள்ளூர்க்காரரைக் குறித்துக்கொள்ளுங்கள். தனிச் செய்தியில் நன்றி சொல்லி, சின்ன உதவி ஒன்று கேளுங்கள்: "உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இந்தப் பிரச்சினை என்று சொல்ல முடியுமா, அண்ணே?" செய்து கொடுத்தால் அடுத்தது: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடவே நடக்க முடியுமா? வந்தவரை வெறுமனே நிற்கவைக்காதீர்கள். கையில் பட்டியலும் செய்ய வேலையும் இருந்தால்தான் அடுத்த வாரமும் வருவார். முதல் நாளே "ஐம்பது வாக்கு வாங்கித் தா" என்றால் எண்ணைத் தடுத்துவிடுவார்.

வாரக் கடைசியில் பார்க்க வேண்டிய எண்கள் இவை: தொகுதிக்குள்ளிருந்து வந்த கேள்விகள், பதில் சொன்னவை, புதிதாகக் களத்துக்கு வந்தவர்கள், அவர்கள் தட்டிய கதவுகள். லைக்கை எண்ண வேண்டாம். பின்தொடர்பவர்களைக் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

படி 10: பொய்ச் செய்தி வரும் முன்

2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் தேர்தலில் மோசடி செய்வது பற்றிப் பேசுவதுபோல் ஓர் ஒலிப்பதிவு பரவியது. கணினியில் உருவாக்கிய போலி அது. பிரசாரம் ஓய்ந்த அமைதிக் காலத்தில் வந்ததால் மறுப்பதும் சிக்கலாகிவிட்டது. உங்களுக்கு வந்தாலும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

இப்போதே தயாராக வேண்டியவை: அமைதிக் காலத்தில் மறுப்பு வெளியிட உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பதில். உள்ளூர்ப் பத்திரிகையாளர்களின் எண்கள். புகார் கொடுக்கும் முறை. இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 மே மாதம் சொன்னபடி, போலி வீடியோ ஒரு கட்சியின் கணக்கில் இருப்பது தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். இதுபோன்ற விதி இருந்தால் புகாரில் குறிப்பிடுங்கள்.

வந்துவிட்டால் போலியை நீங்களே பகிர்ந்து "இது பொய்" என்று எழுதாதீர்கள், பார்க்காதவர்களும் பார்ப்பார்கள். உண்மையை முதல் வரியில் சொல்லுங்கள், பொய்யை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், ஆதாரத்தைக் கொடுங்கள். வேட்பாளர் முகம் காட்டி, இடமும் நேரமும் தெரியும்படி அரை நிமிடம் பேசினால் போதும். வாக்குச்சாவடிக் குழுக்களுக்கு அதை முதலில் அனுப்புங்கள். ஐம்பது பேர் மட்டும் பார்த்த பொய்க்கு ஊரைக் கூட்டி மறுப்புச் சொல்லவும் வேண்டாம். உங்கள் ஆட்கள் எதிராளியைப் பற்றிப் போலி செய்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

படி 11: கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

கடைசி வாரத்தில் புதிய வாக்குறுதி வேண்டாம். வாக்குச்சாவடி எங்கே, எத்தனை மணி வரை, என்ன அடையாள அட்டை, பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பவைதான் பதிவுகள். கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் பயன்படுவதால் எதிர் முகாம் குழுக்களிலும் இவை பகிரப்படும்.

அமைதிக் காலம் தொடங்கும் முன் திட்டமிட்டு வைத்த பதிவுகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இந்தியாவில் அது வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களையும் நிறுத்துங்கள். மூன்று வாரம் முன்பு யாரோ நேரம் குறித்து வைத்த ஒரு பதிவு வாக்குப்பதிவு நாள் காலையில் தானாக வெளியாகி, வேட்பாளர் விளக்கம் எழுத உட்காரும் நிலை வேண்டாம். வாக்களிக்கும் ரகசியத்தைக் காட்டும் படம் எதுவும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது என்று முந்தைய நாளே சொல்லுங்கள்.

முடிவு வந்த அன்று, ஜெயித்தாலும் தோற்றாலும், நன்றிப் பதிவு ஒன்று. அடுத்த வாரம் விளம்பர ரசீதுகள், சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் செலவுக் கணக்கோடு சேர்த்துக் கெடுவுக்குள் தாக்கல் செய்யுங்கள். வாக்குச்சாவடிக் குழுக்களில் யார் தொடர விரும்புகிறார்கள் என்று கேட்டு, மற்றவர்களை நன்றியோடு விடுவித்துவிடுங்கள். படி 4-ல் தொடங்கிய குறை நோட்டு ஜெயித்தவருக்கு முதல் ஆறு மாத வேலைப் பட்டியல். தோற்றவர் அதை ஒரு பிரதி எடுத்து ஜெயித்தவரிடம் கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியைப் பக்கத்தில் பதிவு செய்யலாம். மக்கள் தந்த தொலைபேசி எண்களை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். தொடர விரும்பாதவர்களின் எண்களை அந்த வாரமே அழித்துவிடுங்கள்.